ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள்: லென்ஸ் மாற்றக் கற்பிட்டிக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகாலுக்குப் புறக்கோட்டையில் கற்பிட்டி பஸ் ஏறினேன். கைப்பைக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் கூடு. அதற்குள் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் இரண்டு மஞ்சள் லென்ஸ், கண்ணுக்குள் போடுகிறவை. அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நீல லென்ஸ் ஒன்றை வாங்கி வரத்தான் இந்த நூற்று அறுபத்தைந்து கிலோமீற்றர் பயணம்.

விஷயம் இதுதான். கதையில் வருகிற ஆளைப் போல உடுத்தி, முடி வைத்து, ஒப்பனை செய்து, ஒரு மண்டபத்தில் கூடிப் படம் எடுக்கிற கொஸ்ப்ளே கூட்டத்தில் நானும் ஒருத்தி. முப்பத்தொரு வயதில் உனக்கு இதென்ன கூத்து என்று வீட்டில் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் நான் ஆக இருந்தது ஒரு யப்பான் சித்திரக்கதையின் கடற்கொள்ளைக்காரி. அவளுக்கு இடது கண் நீலம், வலது கண் மஞ்சள். கடைக்காரனோ லென்ஸைச் சோடியாகத்தான் விற்பான், ஒற்றை தரமாட்டான். அதனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி நீலச் சோடி வாங்குவாள், இன்னொருத்தி மஞ்சள் சோடி வாங்குவாள், பிறகு ஒவ்வொன்றை மாற்றிக்கொள்வார்கள். பவர் இல்லாத லென்ஸுக்கு இடது வலது கிடையாது.

நீலம் வைத்திருந்தவள் டிலூஷா. கற்பிட்டிக்குப் பக்கத்தில் பள்ளிவாசல்துறை, மீன்பிடிக் குடும்பம், வயது இருபத்திரண்டு. இவ்வளவும் அவளே போனில் எழுதியது. படங்களிலெல்லாம் பச்சை முடியும் பூசிய முகமும்தான். ஐம்பது வயதுத் தாடிக்காரன் ஒருவன் டிலூஷா என்று எழுதிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தபாலில் வருகிறதை யார் திறந்தார்கள், யார் போட்டுப் பார்த்தார்கள் என்று எப்படித் தெரியும்?

லென்ஸ் விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பு. அச்சகத்தில் நிறம் பார்ப்பது என் வேலை. ஓடி வருகிற தாளில் சிவப்பு ஒரு பொட்டுக் கூடினாலும் கண்டுபிடிக்க வேண்டும், என் சம்பளமே இந்த இரண்டு கண்ணும்தான். வெள்ளவத்தையில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஒன்றில் மூடி தளர்ந்திருந்தது, மற்றதில் திகதியே இல்லை. மூன்றாவது கடையில் அலுமினிய மூடி அடித்த கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. மஞ்சள் என்ற பெயரில் ஆறு விதம். மூன்று வெயிலில் செம்மஞ்சளாகிவிடும், ஒன்று பூனைக் கண் மாதிரி. அச்சுத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாலாயிரத்து எண்ணூறு ரூபாவுக்கு ஒரு சோடி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆசை தாங்கவில்லை. மூடியைக் கிழித்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிழமைக்குள் நாலைந்து தரம் ஆகிவிட்டது. ஒருமுறை மருந்துத் தண்ணீர் முடிந்துபோக, கொதித்தாறிய தண்ணீரில் அலசி வைத்தேன். என் லென்ஸ், என் கண். இதையெல்லாம் டிலூஷாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மணிக்குச் சிலாபம். பத்து நிமிடம் நிற்கும் என்று நடத்துநர் சொன்னார், இருபத்தைந்து நிமிடம் நின்றது. பால் இல்லாத ஒரு பிளேன்டீ எண்பது ரூபா. வலது கண் மறுபடியும் உறுத்தத் தொடங்கியிருந்தது. யன்னல் தூசு என்று நினைத்து யன்னலை மூடினேன். பிறகு சீட் உறையைச் சந்தேகித்தேன். சிலாபத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கண்ண கசக்காதீங்க புள்ள. நல்லாச் செவந்திரிக்கி" என்றார்.

"தூசு" என்றேன்.

"தூசெண்டா ரெண்டு கண்ணும் செவக்குமே" என்றார்.

அக்கறையாகப் பேச்சுக் கொடுத்துப் பையைக் களவெடுக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அந்த மனுசி பாலாவிச் சந்தியில் ஒரு கட்டு வெற்றிலையோடு இறங்கிப் போனார், திரும்பியும் பார்க்கவில்லை.

பாலாவியிலிருந்து கற்பிட்டி நாற்பது கிலோமீற்றர். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் வெங்காயப் பாத்திகள், நுரைச்சோலை தாண்டினால் காற்றாடிக் கம்பங்கள். நல்ல அழகான பாதை என்று எழுத ஆசைதான். ஆனால் உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தியதால் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

பத்தேகாலுக்குக் கற்பிட்டியில் இறங்கினேன். பள்ளிவாசல்துறைக்கு ஓட்டோ அறுநூறு ரூபா என்றார் அதன் ஓட்டுநர், ஒரு வயதான முஸ்லிம் நானா. ஏறுவதற்கு முன் இலக்கத் தகட்டைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன். போன் வரைபடம் நேரே போகச் சொல்ல, அவர் ஒரு மணல் ஒழுங்கைக்குள் திருப்பினார்.

"ஏன் நானா இந்தப் பக்கம் போறீங்க?"

"அங்கால றோட்டுல நெத்தலி காயப் போட்டிரிக்காங்க மகள். அதுக்கு மேலால ஏத்தச் சொல்றீங்களா?"

எட்டிப் பார்த்தேன். ஆமாம், தெரு முழுக்க வலை விரித்து நெத்தலி காய்ந்தது. மன்னிப்புக் கேட்கவும் வெட்கம், போன் வரைபடத்தை மூடி வைத்தேன்.

டிலூஷா உண்மையான ஆள்தான். வாசலிலேயே நின்றாள். மெலிந்த உருவம், காதுக்குப் பின்னால் பச்சைச் சாயம் இன்னும் கொஞ்சம். வீட்டுக்குள் மாதா படத்துக்கு நீல மின்குமிழ் எரிந்தது. ஞாயிறு கடலுக்குப் போகாததால் தகப்பன் பின்னால் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கருவாட்டு வாசம் நான் உட்கார்ந்த கதிரை வரைக்கும் இருந்தது. இந்த வீட்டில் வைத்திருந்த லென்ஸையா என் கண்ணுக்குள் போடப்போகிறேன்? அவளுடைய நகங்களைப் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தாள்.

தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார். டிலூஷா அலுமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். இரண்டு கண்ணாடிக் குப்பிகள். அலுமினிய மூடி அப்படியே இருந்தது.

"இன்னும் திறக்கேல்லையா?" என்றேன்.

"இல்ல அக்கா. வாங்கி ஒரு மாசம். ஆசையாத்தான் கிடந்திச்சு. ஆனா ஒண்டு உங்கட எல்லோ. நீங்களே திறந்து பாருங்க."

குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திகதி, முத்திரை, மூடியின் விளிம்பு என்று ஒன்றையும் விடவில்லை. அவள் பொறுமையாக இருந்தாள். பிறகு என் கூட்டைக் கையில் எடுத்தாள்.

"உங்கட குப்பி எங்க அக்கா?"

"கொண்டுவர லேசு எண்டு கூட்டுக்குள்ள போட்டனான்."

"எப்ப திறந்தீங்க?"

"இண்டைக்குக் காலமதான்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

வாய் கூசவே இல்லை. வழி முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்டு வந்தவள், ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இரண்டு பொய்யை வரிசையாகச் சொன்னேன்.

அவள் எழுந்துபோய்க் கை கழுவினாள். கருவாட்டுக் கையோடு தொடக்கூடாது என்று லென்ஸுக்கென்றே தனிச் சவர்க்காரம் வைத்திருந்தாள். முழங்கை வரை நுரைத்துக் கழுவி, தும்பு ஒட்டாத துணியில் துடைத்து, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் லென்ஸைச் சுட்டுவிரல் நுனியில் எடுத்தாள். மற்றக் கையால் கீழ் இமையை இழுத்தாள். விரல் கண்ணுக்குக் கிட்டப் போனது. கறுத்த, தெளிவான, ஒரு நரம்புகூடச் சிவக்காத கண்.

"போடாத!" என்று கத்திவிட்டேன். "நான் போட்டனான். அஞ்சு தரம். சாதாரண தண்ணியிலயும் கழுவினனான்."

தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "என்ன பிள்ள, என்ன கதை இது? என்ட பிள்ளைட கண் போயிருந்தா நீயா தருவாய்?" என்று கேட்டார்.

டிலூஷா விரலை இறக்கினாள். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

"நான் போட மாட்டன் அம்மா. வாசல்லயே கண்டனான், அக்காட வலது கண் செவந்திருந்தது. எவ்வளவு தூரத்துக்கு விடுறா எண்டு பாத்தன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "போன வருசம் ஒரு ஆளோட இப்படித்தான் மாத்தினன். சீல் உடைக்கேல்லை எண்டுதான் அவவும் சொன்னா. கறுப்பு முழியில வெள்ளைப் பொட்டா புண் வந்து மூண்டு கிழமை இருட்டறைக்குள்ள கிடந்தன். அப்பா கடலுக்குப் போகாம என்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிஞ்சார்."

அவள் நீலக் குப்பிகள் இரண்டையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கோபமாகப் பூட்டவில்லை, பூட்டினாள், அவ்வளவுதான். ஒரு கத்தரிக்கோலை என் முன்னால் வைத்தாள்.

"உங்கட ரெண்டையும் வெட்டுங்க அக்கா. நான் பாக்கோணும். வீட்ட போய்த் திரும்பவும் போடுவீங்க."

போடுவேன்தான். வெட்டினேன். நாலாயிரத்து எண்ணூறு ரூபா மஞ்சள், தகரத் தட்டில் நாலு துண்டாகக் கிடந்தது. அவளுடைய தாய் கோபம் ஆறாமலே எனக்குச் சோறும் பாரை மீன் குழம்பும் போட்டார், நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

பகல் ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். ஏற்றிவிட வந்த டிலூஷா, "கண் டொக்டரிட்ட நாளைக்கே போங்க" என்று மட்டும் சொன்னாள். ஓம் என்றேன். உப்பளம் வந்தபோது கண்ணில் தண்ணீர் வடிந்தது, இந்தமுறை தூசைச் சொல்ல முடியவில்லை. எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டாரின் முகத்தை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு கிழமையாக நான் சிவந்த கண்ணோடு லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு வீடு. வந்துசேர்ந்தேன் என்று டிலூஷாவுக்கு எழுதினேன்.

"கண்ணைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று பதில் வந்தது.

வெளிச்சத்துக்குக் கீழே நின்று எடுத்து அனுப்பினேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. உடனே எழுதினாள்: "இது இடது கண். மற்றதைக் காட்டுங்க அக்கா."

போனை வலது பக்கம் திருப்பினேன். திரையில் தெரிந்ததை முதல்முறையாக நான் ஒழுங்காகப் பார்த்தேன். கறுப்பு விழியின் ஓரத்தில், பாற்கஞ்சித் துளி போல ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு இருந்தது. அழுதுகொண்டே அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன்.