மகள் எடுத்த பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காய்த் தயங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. சாமி காரியத்தை எழுதிக் குற்றமாகிவிடுமோ என்ற பயம் வேறு. ஆனாலும் எங்களைப் போல, வளர்ந்தும் வளராத பிள்ளையை வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றனவே. அவர்களுக்காக எழுதுகிறேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வீடும் ரோட்டோரம் ரெண்டு கடையும் என் வீட்டுக்காரர் சம்பாத்தியம். மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவன் கோயம்புத்தூரில். கடைசியாகப் பிறந்த மகளுக்கு முப்பது வயசு தாண்டியும் மனசு சிறுபிள்ளைதான். மத்தியானம் முந்திரிக்காட்டுக் காற்று வந்து கண் சொருகும்போதெல்லாம் எனக்கு ஒரே காட்சி வரும். நாங்கள் இல்லாத வீடு. வெயில் மட்டும் அறை அறையாக நடந்துபோகிறது. அதன் பின்னாலேயே அவளும் போகிறாள். வாசலில் யாரோ பூட்டும் கையுமாக நிற்கிறார்கள், முகம் தெரியவில்லை. நான் பெற்றவன் முகமாக இருந்துவிடக் கூடாதே என்று பதறி விழித்துக்கொள்வேன்.

“உயில் எழுதி வச்சிருங்கப்பா, தங்கச்சிக்கு நல்லது” என்று மூத்தவனே போனில் சொன்னான்.

“ஏண்டா, அப்பன் கெளம்புறதுக்கு டிக்கெட்டே போட்டுட்டியா?” என்று இவர் சிரித்தார். போனை வைத்தபின் சிரிப்பைக் காணோம்.

கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் ஐயனாரிடம் பூக்கேட்காமல் எங்கள் வீட்டில் செய்வதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வாழை இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கள்ளமில்லாத பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

கள்ளமில்லாத பிள்ளைக்கு எங்கே போவது? உயில் எழுதலாமா என்று கேட்டு, எங்கள் மகளையே எடுக்கச் சொன்னோம். சிவப்பு வந்தது. மறுவருஷமும் சிவப்பு. அதற்கடுத்த தடவையும் அதுவேதான்.

“ஐயா வேணாங்குறாரு. எழுதுனா என் ஆயுசுக்கு ஆகாது போல” என்று இவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

“அப்பப் புள்ள கதி?”

“அவரே பாத்துக்குவாரு.”

பிறகு இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். திரும்பியதும் நான் நச்சரித்து மறுபடி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மண்குதிரைகளுக்கு நடுவே காலை வெயில் பாலாய்ப் பரவியிருந்தது. நாங்கள் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. பூசாரி பொட்டலங்களைப் போட்டார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நானும் எப்போதும் மூடுகிறவள்தான், அன்றைக்கு ஏனோ மூட மனசு வரவில்லை. மகள் ஒரு பொட்டலத்தை எடுத்து மூக்கில் வைத்தாள். கீழே போட்டாள். அடுத்ததை மோந்தாள். முகம் மலர்ந்துபோனது. அதைத்தான் பூசாரியிடம் நீட்டினாள்.

சிவப்புக்கு நாங்கள் எப்போதும் வைப்பது மணக்கிற சிவப்பு ரோஜா. வெள்ளைக்கு வாசமே இல்லாத நந்தியாவட்டை.

“ஏங்க, இவ வாசம் பாத்துல்ல எடுக்குறா!”

“ஏத்தா, மோந்தா பாத்த?” என்றார் இவர்.

“மணக்குதுப்பா” என்று அதை அவர் மூக்கருகில் கொண்டுபோனாள்.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். “ஐயாவைப் பேச விட்டாத்தானே!”

“வேற புள்ளைய வச்சு இன்னொரு தரம் கேப்பமா?” என்றார் இவர்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ எனக்கு. “இந்தப் புள்ளைய நம்ம கையில குடுத்தப்பவே ஐயா சொல்லிட்டாருங்க. இன்னும் என்னத்தக் கேக்குறது?”

இவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு, “சரி, வா” என்றார்.

அந்த வாரமே பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். வீடு மகளின் ஆயுசு வரைக்கும் அவளுக்கு. அதுவரை யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. கடை வாடகை அவள் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இளையவனுக்கு, அவனால் முடியாவிட்டால் மூத்தவனுக்கு. அவள் காலத்துக்குப் பிறகு அண்ணன்கள் இருவருக்கும் சரிபாதி. சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், உயிலைப் பதிவும் செய்துவிட்டோம். பயந்து பயந்துதான் இவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஆயுசுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

படிக்கிறவர்கள் இதை நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள். ஐயனாருக்குக் குறையாகவோ என் மகளுக்குக் கேலியாகவோ ஒரு சொல்லும் சேர்த்துவிடாமல், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.