அக்கா டிக் போட்ட இரண்டு மூஞ்சி

என் அக்காவுக்கு அவள் வேலை பிடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் அங்கி மடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்பார்கள். உடனே ஒன்றை மடித்துக் காட்டுவாள்: உள்பக்கம் வெளியே இருக்கும். டாக்டர் மேல்பக்கத்தைத் தொடாமலே கையை நுழைத்துவிடலாம்.

"நான் தப்பா மடிச்சா, அங்க படுத்திருக்கிறவங்களுக்குத்தான் சீழ் பிடிக்கும்" என்பாள். அப்படி ஒரு திமிர். பக்கத்து மேஜையில் மடிக்கிற எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

போன வருடம் மேனேஜர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'வேலையில் திருப்தியா?' ஒரே கேள்வி. கீழே அழுகிற மூஞ்சி முதல் சிரிக்கிற மூஞ்சி வரை ஐந்து. எதற்கு வம்பென்று எல்லோரும் சிரிக்கிற மூஞ்சியில் டிக் போட்டோம். அடுத்த வாரமே உட்காரும் ஸ்டூல்களைத் தூக்கிவிட்டார்கள்.

"எல்லாரும் திருப்தின்னு நீங்கதானேம்மா போட்டுக் கொடுத்தீங்க?" என்றார் மேனேஜர், கேட்டதற்கு. அடப்பாவி! அக்காவுக்கு இரண்டு முட்டியும் வீங்கிவிட்டது.

இந்த வருடமும் அதே தாள். கூடவே கூடத்துக்கு ஒரு சூப்பர்வைசர் போடப் போகிறார்களாம். அது அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் ஆசைப்பட்டாள், மறைக்கவில்லை.

மேனேஜர் பக்கத்திலேயே நின்று தாளை வாங்கினார். அக்கா இரண்டு மூஞ்சியில் டிக் போட்டிருந்தாள்.

"ஒண்ணுலதாம்மா போடணும்."

"சிரிக்கிறது வேலைக்கு சார். அழுறது நீங்க எங்கள நடத்துற லட்சணத்துக்கு."

"பதவி விஷயம் இருக்கு. யோசிச்சுக்கோங்க."

"ஒரு வருஷமா நின்னுக்கிட்டே யோசிச்சாச்சு சார்."

அடுத்தது என் முறை. குனிந்தபடி சிரிக்கிற மூஞ்சியில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. சூப்பர்வைசர் நான்.

"வாங்கிக்கோடி. உன் முட்டியாவது தப்பிக்கட்டும்" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் செத்தேன்.

நேரே மேனேஜர் அறைக்குப் போய் உத்தரவை அவர் மேஜையில் வைத்தேன்.

"என் தாளத் திருப்பிக் குடுங்க சார். தப்பான மூஞ்சில போட்டுட்டேன்."

"அதெல்லாம் மேலிடத்துக்குப் போயாச்சும்மா."

"அப்போ இதுவும் போகட்டும்."

மேஜைமேல் அடுக்கியிருந்ததில் புதுத் தாள் ஒன்றை உருவினேன். அழுகிற மூஞ்சியில் தாள் கிழிகிற மாதிரி டிக் போட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று அடியில் அச்சடித்திருந்தது. அதன் மேலேயே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.