கண் திறக்காத திரௌபதை

அவனும் நானும் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகச் சித்திரம் படித்தோம். அவன் காரைதீவு, நான் கல்முனை. நான் குழாய்ச் சாயம் வாங்கி வயலும் தோணியும் கீறுவேன். அவன் புளியங்கொட்டைப் பசை பூசிய சீலையில், விளக்குக் கரியும் மஞ்சளும் குழைத்துத் திரௌபதை கீறுவான். கண்காட்சியில் சனம் என் வயலைப் பார்த்து, “வடிவா இரிக்கி” என்று சொல்லிவிட்டுப் போய் அவனுடைய திரௌபதைக்கு முன்னால் நின்றுவிடும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

“எங்கட மார்க்கத்துல முகம் கீறேலா. இல்லாட்டி நானும் காட்டியிருப்பன்” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணலாம்!

என் கலியாணத்துக்கு அவன் ஒரு திரௌபதை கொண்டுவந்தான். விரித்த கூந்தல், முகம் எல்லாம் முடிந்திருந்தது. கண் மட்டும் இல்லை.

“கண் திறக்கிற வரைக்கும் அது வெறும் சீலதான், மச்சான். ஒன்ட ஊட்டுல மாட்டலாம்” என்றான்.

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “கண் இல்லாட்டியும் முகம் முகம்தான். வானத்துல இரிந்து வாற மலக்குமார் ஊட்டுக்குள்ள வரமாட்டாங்க” என்றாள். படம் அலுமாரிக்குப் பின்னால் போனது.

சுனாமி அவனுடைய வீட்டை அள்ளிக்கொண்டு போனது. அவனும் குடும்பமும் தப்பினார்கள். படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வயல் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. அகதிகளாய் அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனேன்.

“ஒனக்குத் தந்தது இரிக்கா, மச்சான்?” என்று கேட்டான்.

“அதக் கறையான் திண்டுட்டு.”

கூசாமல் சொன்னேன். இனி அவனும் என்னைப்போல வெறுங்கை என்று உள்ளே ஒரு சந்தோசம். அல்லாஹ் மன்னிக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன்.

அவன் மறுபடி முதலிலிருந்து கீறத் தொடங்கினான். யுத்தம் முடிந்த பிறகு கொழும்புக் கண்காட்சிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அந்தச் செய்தி வந்த பகல், மனைவி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அலுமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்தெடுத்து, ஆத்திரத்தில் நானே கண் கீறினேன். சும்மா சொல்லக்கூடாது, என் ஆயுளில் அப்படி ஒன்றை நான் கீறியதில்லை.

சாயம் காய முதல் அவன் வந்து நின்றான், கண்காட்சிக்கு வரச்சொல்லி அழைக்க. படத்தைக் கன நேரம் பார்த்தான்.

“கறையானுக்கு இவ்வளவு வடிவாக் கண் கீறத் தெரியுமா, மச்சான்?”

அவன் கோபிக்கவில்லை.

“கண் திறந்தவன்ட படம்தான் இது. கொழும்புக்குக் கொண்டுபோவம். கீழ ஒன்ட பேரப் போடு.”

இவ்வளவு காலமும் அந்த ஒன்றுக்காகத்தானே எரிந்தேன்! தூரிகையையும் எடுத்தேன். பள்ளிவாசலில் என்ன கதைப்பார்கள், மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று யோசனை ஓடியது. தூரிகையை அவனிடமே நீட்டினேன்.

“ஒன்ட பேரையே போடு.”

கொழும்பால் திரும்பிய அன்றே வீட்டுக்கு வந்தான். “எல்லாரும் கண்ணைப் பத்தித்தான் கதைச்சாங்க, மச்சான்!” என்றான், உண்மையான சந்தோசத்தோடு.

“ஆரு கீறின எண்டு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. நீ சொன்னபடி என்ட பேரத்தான் சொன்னன்.”

“ஓம், நல்லம்” என்றேன். அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூட மனம் வரவில்லை.