ஒன்பது முறை ஒரே சாவு

முப்பத்தொரு வருஷமாக உச்சிபோரி டோகுஜிக்குச் சாவதுதான் வேலை. கியோட்டோ ஸ்டுடியோக்களில் கதாநாயகன் வாளை வீசினால் பொத்பொத்தென்று விழுகிற கும்பலில் அவரும் ஒருவர். கூரையிலிருந்து விழுந்திருக்கிறார், சேற்றில் விழுந்திருக்கிறார், ஜனவரி மாதக் குளத்திலும் விழுந்திருக்கிறார். முகம் மட்டும் ஒரு படத்திலும் தெரிந்ததில்லை. மனைவி சுமியே ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு வந்து, "இதுல நீங்க எந்தப் பொணம்?" என்று கேட்பாள்.

அவருக்கென்று ஒரு வீம்பு உண்டு. ஒரு தடவை செத்த மாதிரி மறு தடவை சாக மாட்டார்.

அந்த வீம்பில்தான் இப்போது கிடைத்த படம் மண்ணைப் போட்டது. எதிர்காலத்திலிருந்து ஒரு பெண் இரும்புக் கையோடு பழைய காலத்துக் கோட்டைக்கு வருகிறாள். காரியம் கெட்டால் காலம் பின்னுக்கு ஓடி, மறுபடி அதே காலை. ஒவ்வொரு தடவையும் வாசல் காவலனை வெட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்தக் காவலன் டோகுஜி. ஒன்பது சாவு, ஒன்பது பக்கத்திலிருந்து கேமரா. எல்லாவற்றிலும் முகம் தெரியும். ஆனால் சாவு மயிரிழைகூட மாறக் கூடாது. மாறினால் காலம் திரும்பியது என்று எவன் நம்புவான்?

முதல் நாள் மூன்று டேக். மூன்றும் மூன்று விதம்.

"டோகு சான், போன தடவ இடது தோள் சாஞ்சுது. இப்ப வலது," என்றாள் டைரக்டர் நாகுமோ. டோகுஜிக்கு மகள் வயது.

"அப்படியா? எனக்குத் தெரியலையே."

"இவன் சோத்தையே ஒரே மாதிரி திங்க மாட்டான்மா," என்றார் ஸ்டண்ட் மாஸ்டர் ஹிரோசே.

நாகுமோ சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல ஒரு தடவ பாப்போம். வரலன்னா வேற ஆளத்தான் போடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தள்ளி, "வந்துட்டேன்" என்றார். வாசலிலேயே ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார்.

அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல் சுமியே கேட்டாள். "என்ன, இன்னைக்கு இடுப்பு வலி ஜாஸ்தியா?"

"பாக்காமயே எப்படித் தெரியும்?"

"தெனமும் ஒரே சத்தந்தானே. செவுத்துல ஒரு தட்டு, ஒரு முனகல், திரும்பி தொப்புனு உக்காருவீங்க, அப்புறம் இடது ஷூ. இன்னைக்கு முனகல் கொஞ்சம் நீளம்."

டோகுஜி சுவரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கை பட்ட இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு கறுப்பு. பக்கத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

எழுந்து வெளியே போனார். கதவைத் திறந்து மறுபடி உள்ளே வந்தார். மறுபடி போனார்.

"ஏங்க, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உள்ள வாங்க. சூப் ஆறுது."

மறுநாள் காலை வாள் பாய்ந்தது. காவலன் கோட்டைத் தூணில் கையை ஊன்றினான். ஒரு முனகல். திரும்பினான், தொப்பென்று உட்கார்ந்தான், இடது காலைப் பார்த்தபடி தலை தொங்கியது. அவ்வளவுதான். தூணில் பதிந்த சாய ரத்தத்தை மேக்கப் பையன் துடைக்கத் துடைக்க, ஒன்பது தடவையும் கை அதே இடத்தில் விழுந்தது.

கடைசி டேக் முடிந்ததும் உதவி டைரக்டர் உரக்க அறிவித்தான். "உச்சிபோரி டோகுஜி சானோட காட்சிகள் இத்தோட முடிஞ்சுது." எல்லோரும் கை தட்டினார்கள். நாகுமோ பூச்செண்டு கொடுத்தாள். அதெல்லாம் பெரிய நடிகர்களுக்கு நடப்பது. விழுகிற கும்பலுக்கு யாரும் கொடுப்பதில்லை. எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

வசந்தத்தில் படம் வந்தது. இருவரும் சேர்ந்து போனார்கள். முதல் சாவில் சுமியே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவதில் முழங்கையால் இடித்தாள்.

"அது நம்ம வீட்டு வாசல்ல நீங்க உக்கார்றதுதானே?"

"சத்தம் போடாத."

ஒன்பதாவதும் முடிந்தது. பிறகு காதோரம் குனிந்தாள்.

"ஷூவக் கழட்டாம விட்டுட்டீங்க."

"செத்தவன் எப்படிடி கழட்டுவான்?"