காளியாத்தாள் நின்றிருந்த நேரம்

ஐம்பதுகளில் வங்கி மேலாளரை ஏஜெண்டு என்றுதான் சொல்வார்கள். தாராபுரம் கடைவீதியில் இருந்த ஒரு சின்ன வங்கிக்கு லட்சுமிநாராயணன் ஏஜெண்டு. பருத்தி விற்ற கையோடு, புழுதிக் காலுடன் ஒரு விவசாயி படியேறினாலும் எழுந்து நிற்பார். "வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். எழுதத் தெரியாதவர்களுக்குத் தானே எழுதிக் கொடுப்பார். கல்யாணமோ சாவோ, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நிற்பார். ஊருக்கு அவர் மேல் அத்தனை பிரியம்.

காளியாத்தாளுக்கும் அங்கே கணக்கு இருந்தது. சேரியில் குடியிருந்தவள். புருஷன் அங்கப்பனோடு தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டு, ஆடு வளர்த்து விற்ற காசைக் கொண்டுவந்து போடுவாள். அவளிடமும் ஏஜெண்டு சிரித்த முகமாகத்தான் பேசுவார். ஆனால் அவள் வாசற்படியோரம் நின்றுகொண்டே இருப்பாள். நிற்கச் சொன்னவர் யாருமில்லை. உட்காரச் சொன்னவரும் யாருமில்லை.

1958 சித்திரையில், நிறைமாத வயிற்றோடு பணம் எடுக்க வந்தாள். கேஷியர் வெளியே போயிருந்தார். பெஞ்சில், நிறைய நிலம் வைத்திருந்த பெரிய தோட்டக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடுமலையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த குமாஸ்தா நசுருதீன் அவளைப் பார்த்துவிட்டு, "அக்கா, எத்தன நேரம் நிப்பீங்க? இப்படி வந்து உக்காருங்க" என்றான்.

அவள் உட்காரவில்லை. ஏஜெண்டைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"உக்காரு அம்மணி" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லத்தான் வாயெடுத்தார். தோட்டக்காரர்களின் முகம் கண்ணில் பட்டதும், லட்சுமிநாராயணன் தலையைக் குனிந்து ஏற்கெனவே போட்டு முடித்திருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியாத்தாள் சுவரைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் படியிறங்கப் பார்த்தாள். கண் இருட்டிவிட்டது. வயிறு அடிபட விழுந்தாள். நசுருதீன் ஓடிப்போய் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்று சாயங்காலம் பிறந்த ஆண் குழந்தைக்கு உயிரில்லை.

லட்சுமிநாராயணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கப்பன் ஓடிவந்து கும்பிட்டான். "எங்களுக்காக நீங்க இத்தன தூரம் வரோணுமுங்களா சாமி? உங்க மாரி மனுசன் ஆருங்க இருக்காங்க!" என்று அழுதான். நடந்ததை அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தார். சொல்லாமல் திரும்பினார்.

மறுவாரமே பெஞ்சுகளை உள்ளே தள்ளிப் போட்டு, சேரியிலிருந்து யார் வந்தாலும் கையைக் காட்டி உட்கார வைத்தார். தோட்டக்காரர்களில் ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு போனார். ஊரோ அவரை இன்னும் கொண்டாடியது. காளியாத்தாள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. புருஷனும் அவளும் எஸ்டேட் வேலைக்கு வால்பாறை போய்விட்டார்கள்.

1965இல் பணி முடிந்தபோது ஊர் கூடி மாலை போட்டது. "சாதி பாக்காம எல்லாத்தையும் சரிசமமா உக்கார வெச்ச மகராசனுங்க" என்றார் மில்காரர் வெங்கடபதி. கைதட்டல் ஓயவில்லை. லட்சுமிநாராயணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றுதான் மனைவி ராமாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏழு வருசமா எங்கிட்டக்கூட சொல்லலீங்களே" என்றாள் அவள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது? சொல்ல வேண்டியது அவகிட்டதானுங்களே" என்றாள். விடிந்ததும் அவர் பஸ் ஏறினார்.

எஸ்டேட் கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தார். காளியாத்தாள் இளைத்திருந்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு உன்னைய உக்காரச் சொல்லியிருக்கோணும் அம்மணி. நீ பாத்தே. நாந்தான் தெரியாத மாரி இருந்துபோட்டேன்."

"தெரியுமுங்க" என்றாள் அவள். "நீங்க தலையக் குனிஞ்சதப் பாத்தேனுங்க. எங்க ஊட்டுக்காரர் உங்களக் கும்புட்டப்பவும், நாங் கட்டில்ல படுத்துக் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"அவங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"சொன்னா அவரு ஆரத்தானுங்க கும்புடுவாரு?"

மத்தியான வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று காளியாத்தாள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "மழ வருமுங்க, நேரத்துல எறங்கிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பியவரிடம் ராமாமணி கேட்டாள்: "மன்னிச்சாளுங்களா?"

"அதச் சொல்லல. கேக்க எனக்கும் வாய் வரல."

அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் இருந்தார். அவர் இறந்த அன்று கடைவீதி முழுக்க அடைத்திருந்தது. வந்தவர்களெல்லாம் அவர் குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ராமாமணி யாரையும் மறுத்துப் பேசவில்லை. வால்பாறைக்குச் சொல்லி அனுப்பலாமா என்று நசுருதீன் கேட்டபோது மட்டும், "வேண்டாம் தம்பி, அவளத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள்.