அமெரிக்காவுக்குத் தெரியலாம், பாறசாலைக்குத் தெரியக் கூடாது

“உனக்க வீட்டுல ஒப்பு போடத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு உண்டா? நீயாக்கும் இனி ஆளுகள அமெரிக்காவுக்கு அனுப்பப் போற.”

எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று என் பெரியப்பா சொன்னது இது. ஒப்பு என்றால் கையெழுத்து. அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் காலேஜையும் பார்த்துவிட்டேன். பாறசாலையில் கொப்பரைக் கடை வைத்திருக்கும் பெரியப்பாவும் கைநாட்டுதான்... அது வேறு விஷயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விசா கொடுப்பது நான் இல்லை. வெளிநாடுகளில் அமெரிக்கத் தூதரகங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களில் சிலருக்கு, குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேற ஒரு சிறப்பு விசா உண்டு. சமையல்காரர், டிரைவர், மொழிபெயர்ப்பாளர் என்று பலர். அப்படிப் போய் இறங்குகிறவர்களுக்கு வீடு, படிப்பு, டாக்டர் எல்லாம் பார்த்து வைக்க அங்கே ஒரு தொண்டு நிறுவனம். அவர்களுக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன ஆபீஸ். அந்த ஆபீஸில் தமிழ், மலையாளம் பேசும் குடும்பங்களிடம் விவரம் கேட்பவள் நான். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன படிப்பு, என்ன நோய், என்ன மருந்து?

பெரும்பாலும் போனிலேயே முடிகிற வேலை. இந்த வருஷ மழைக்கு முன்னால் ஒரு வீடு மட்டும் முடியவில்லை.

குடும்பத் தலைவர், எங்கள் பாறசாலைக்குப் பக்கத்துக் கடலோர ஊரான பொழியூர்க்காரர். வளைகுடா நாடு ஒன்றில் தூதரகச் சமையலறையில் வேலை. விசா கிடைத்தும் அங்கே பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மனைவியும் பத்தொன்பது வயது மகளும் ஊரில். “வீட்டு விவரமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்” என்று மனைவியைக் கைகாட்டிவிட்டார். மனைவியிடமோ, “ஒரு பெண்ணு வந்து விவரம் கேக்கும், நல்ல மாதிரி சொல்லு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மனைவி, அவரைப் பிலோமினா சேச்சி என்று வைத்துக்கொள்வோம், என் போனை எடுக்கவே இல்லை. தெரியாத நம்பர் என்றால் பேங்க் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற கும்பல் என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மகளைக் குறை சொல்ல முடியுமா?

விவரம் அன்று மாலைக்குள் போக வேண்டும். மறுநாள் அவர்களுக்கு அமெரிக்காவில் ஊர் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மலையடிவார ஊர் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. அழகான ஊர், வாடகையும் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் மணிக்கணக்காகக் கார் ஓட்ட வேண்டும். நோய்நொடி இல்லாத குடும்பத்துக்கு அதனால் என்ன?

பாறசாலையில் பொழியூர் பஸ் ஏறினேன்.

இறங்கியதும் ஒரு தப்பு செய்தேன் — டீக்கடையில் அந்த வீட்டுக்கு வழி கேட்டேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் ஃபைலோடு, வெளியூர்க்காரி ஒருத்தி, வயதுப் பெண் இருக்கிற வீட்டைப் பற்றி டீக்கடையில் கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாண ஆலோசனை! பெண் வீட்டுக்குள் நுழையும் முன் டீக்கடையிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது இங்கே நடைமுறை. கேட்கப்படுகிறவர் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் நடைமுறை. இன்றைக்கு உன் பெண்ணுக்கு நான், நாளைக்கு என் பெண்ணுக்கு நீ.

டீக்கடைக்காரர் கடமை தவறாதவர். நான் கேட்காமலே, அந்தப் பிள்ளை தங்கம் என்றார். அதன் அப்பன் குடிக்க மாட்டான் என்றார். கடலோரத்து வீடு என்றாலும் கல்லுக்கட்டு இருப்பதால் கடல் ஏறாது என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். என்ன நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நான் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் பிலோமினா சேச்சி, மடிப்புக் கலையாத சேலையில். மேசையில் சிப்ஸ், மிக்சர், லட்டு. ஜன்னலுக்கு வெளியே மதில் ஓரம் பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு பேர். உள்ளேயிருந்து டீத் தட்டோடு மகள் ஷைனி, தலையைக் குனிந்தபடி. விவரம் கேட்க வந்த எனக்கு இவ்வளவு மரியாதையா? படித்த பெண் என்றால் சும்மாவா என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன்.

வயது என்ன என்றேன். பத்தொன்பது, பார்த்தால் பதினேழு என்றுதான் சொல்லுவார்கள் என்றார் சேச்சி. படிப்பு? பி.காம்., தையலும் தெரியும். நண்டுக் குழம்பு வைத்தால் தெரு மணக்கும்.

“இங்கிலீஷ் பேசுமா?”

“நல்லா பேசும். ஆனா எதிர்த்துப் பேசாது.”

இப்படி ஒரு பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அடுத்த கேள்விக்குப் போனேன். ஏதாவது நோய், தினசரி மருந்து?

“எனக்க மவளுக்கு இதுவரை ஒரு பனி வந்தது இல்ல.”

பனி என்றால் காய்ச்சல். பத்தொன்பது வருஷமாக ஒரு காய்ச்சல்கூட வராத பெண்ணை நான் அப்போதுதான் பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு தலைகள் சாட்சியாக ஆடின. இல்லை என்று எழுதினேன். ஷைனி டீத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவும் நீ கேட்டாச்சு. செறுக்கனுக்கு என்ன சோலி?” என்றார் சேச்சி.

செறுக்கனா? எந்த மாப்பிள்ளை? எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. லட்டை விழுங்கிவிட்டு முதலிலிருந்து விளக்கினேன். விசா... வீடு... டாக்டர்... மதில் ஓரத்து அக்காமார் ஏமாந்து போனார்கள்.

“பின்ன எதுக்கு பட்டுக்கரை சேலையெல்லாம் உடுத்துட்டு வந்த?” என்று என்னைத் திட்டிவிட்டு நடந்தார்கள்.

நோய்க் கேள்வியை மறுபடி கேட்டேன். சேச்சி பதிலுக்கு, எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். பாறசாலை என்றேன். அந்த முகம் கதவு மாதிரி சாத்திக்கொண்டது.

“ஒண்ணும் இல்ல. அப்படியே போட்டுக்கோ.”

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நான் மறந்துவிட்டு வந்த குடையோடு ஷைனி ஓடி வந்தாள். குடையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“அக்கா, எனக்குப் பிட்ஸ் உண்டு. சின்னதிலேருந்தே. ஒரு நாளும் முடங்காம மாத்திரை போட்டா வராது. அங்க அந்த மாத்திரை கிடைக்குமா?”

என் ஃபைலில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. மறுநாள் அந்த மலையடிவார ஊரை ஒதுக்கிவிடுவார்கள். வலிப்பு வந்தால் மணிக்கணக்காகக் கார் ஓட்ட வேண்டும். அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் யாருமே இல்லை.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் சேச்சி. மகளை முறைத்த முறைப்பில் நானே இரண்டடி பின்னால் போனேன். விசாவுக்குப் பார்த்த டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லாமல் இருப்பேனா என்று கோபப்பட்டார்.

“அப்போ என்கிட்ட சொல்ல என்ன சேச்சி?”

“அமெரிக்காவுக்குத் தெரிஞ்சா கொழப்பம் இல்ல மக்கா. பாறசாலைக்குத் தெரியக் கூடாது. எங்க போனாலும் இவளுக்குச் செறுக்கன் இங்கேருந்துதானே வரணும்?”

டாக்டர் எழுதியது விசாவுக்கு. வீடு பார்க்கிறவர்களுக்கு நான் எழுதுவதுதான் கண் என்றேன். ஆஸ்பத்திரி பக்கத்தில் வீடு வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், என் வாயிலிருந்து பாறசாலைக்கு ஒரு வார்த்தை போகாது என்றேன். சேச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பர்ஸிலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

“எழுது. மருந்துக்க பேரத் தப்பா எழுதிராத, கேட்டியா.”

‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினேன். பஸ் வரவில்லை. இனி அவர் முறை.

உனக்கு வயசென்ன? கல்யாணம் ஆச்சா? அப்பனுக்கு என்ன சோலி? எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்.

“தீனம் ஒண்ணும் இல்லியே?”

தீனம் என்றால் நோய். “ஒண்ணும் இல்ல சேச்சி” என்றேன், டக்கென்று. தோளில் தொங்கிய பையில் தைராய்டு மாத்திரை டப்பா இருந்தது. தினமும் காலையில் ஒன்று, காலேஜ் நாளிலிருந்து.

யோசித்துப் பாருங்கள். ஆதார் கேட்டால் கொடுக்கிறோம். கைரேகை, கண்விழி, ரத்தம்... எந்த ஆபீஸ் எதைக் கேட்டாலும் நீட்டுகிறோம். நாம் ரகசியம் காப்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரரிடம் மட்டும்தான்!

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதை எழுதட்டுமா என்று ஷைனியிடம் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் அக்கா, பேரை மட்டும் மாற்றுங்கள், கொஞ்சம் ஸ்டைலாக இருக்கட்டும் என்றாள். மாற்றியிருக்கிறேன். யாராவது பொழியூருக்குப் போய் விசாரித்தாலும் பயனில்லை. டீக்கடைக்காரர் எல்லாப் பெண்களையும் தங்கம் என்றுதான் சொல்வார்.

போன வாரம் பெரியப்பா எனக்கு ஓர் ஆலோசனை கொண்டுவந்தார். காட்டாக்கடை ஊர்க்கார மாப்பிள்ளை. என் விவரத்தை நானே டைப் செய்தேன்; வீட்டில் எழுதத் தெரிந்தவர் வேறு யார்? முடித்ததும் வாசித்துக் காட்டினேன். தைராய்டு என்று வந்த இடத்தில் பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அத எதுக்கு எழுதின? அது மாத்திரதானே, தீனமா?”

அவர் சொல்லி முடிக்குமுன் மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கேள்வி: “உங்கள் பையன் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?”

நீல டிக் விழுந்துவிட்டது. டைப் செய்கிறார்கள்... நிறுத்துகிறார்கள்... மறுபடி டைப் செய்கிறார்கள்.