வண்டியில் உட்காராத உபதேசியார்

ராதாபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கருப்பட்டி ஏற்றிப் போன என் மாட்டுவண்டியில் சபை உபதேசியார் ஒருவரும் வந்தார். வந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஏறி உட்காருவார், உட்கார்ந்த இடம் சூடாகுமுன் குதித்து இறங்கிக் கூடவே நடப்பார். குள்ளமான ஆள், வெள்ளைக் கோட்டில் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். வாய் மட்டும் "நிகாவோ, நெநீகேகா" என்று ஓயாமல் முணுமுணுத்தது. மறுநாள் பாளையங்கோட்டையில் எழுதப்போகும் குருப்பட்டப் பரீட்சைக்குக் கிரேக்கச் சொற்களை உருப்போடுகிறாராம்.

"அதுக்கு அர்த்தம் என்ன வே?" என்றேன்.

"ஜெயிக்குததுன்னு அர்த்தம், அண்ணாச்சி. சண்டையில ஜெயிச்சாலும் கோர்ட்டுல ஜெயிச்சாலும் கிரேக்குல இதே சொல்லுதான். நிகாவோன்னா ஜெயிக்குதேன். நெநீகேகான்னா ஜெயிச்சாச்சு, அந்த ஜெயம் இன்னைக்கும் நிலைச்சு நிக்குது."

"நீரு எதையாவது ஜெயிச்சிருக்கீரா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"தம்பி மேல கேஸ் போட்டுக் குடும்ப நிலமான பனைவிளைய ஜெயிச்சேன். அவன் பெண்டாட்டி பிள்ளையோட சேரன்மகாதேவிக்குப் போயி வயல்ல கூலி வேலை பாக்கான். அன்னையிலருந்து எனக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளல."

சேரன்மகாதேவிக்குப் பாதை பிரிகிற இடத்தில் வண்டி பாளையங்கோட்டைப் பக்கம் போனது. அவர் மறுபக்கம் திரும்பினார்.

"உபதேசியாரே, நாளைக்குப் பரீட்சைல்லா!" என்று கத்தினேன்.

கையை மட்டும் ஆட்டினார். அப்போது அவர் வாய் அசையவில்லை.

அவருடைய கிரேக்கப் புத்தகம் கருப்பட்டிச் சிப்பத்தின் மேலேயே கிடந்தது. அதைக் கேட்டு அவர் வரவே இல்லை. தம்பி கதவைத் திறந்தானா என்று எனக்கு யார் சொல்வார்கள்?